மூன்றாவது கதவு

பெரியம்மா சுடும் பிஸ்கட்டில் சர்க்கரை அதிகம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. கடை வாசலில் எறும்புகள் வரிசையில் நிற்கும். ஆள் வந்தால் மரியாதையாக விலகி வழிவிடும்.

அவளைப் பெரியம்மா என்று அழைக்க உண்மையில் பாத்தியதை உள்ளவன் தங்கை மகன் ஒருவன்தான். தெரு முழுக்க அதையே பிடித்துக்கொண்டது. சந்தை எந்தப் பக்கம் சாய்கிறது என்று கம்பெனிகளுக்குச் சொல்லிப் பிழைக்கும் அந்தப் பிள்ளை, ஒரு நாள் மடிக்கணினியோடு வந்து உட்கார்ந்தான்.

“உலகம் பூரா இனிப்பு இறங்கிட்டிருக்கு பெரியம்மா. திரையில இந்தக் கோடு இறங்குறதைப் பாருங்க.”

“கோட்டுக்கு வேணும்னா சர்க்கரை போடாதே. என் மாவுல கை வைக்காதே.”

“புதுச் சட்டம் வந்திருக்கு. அளவு மீறினா பொட்டலத்து முகப்புல மூணுல ஒரு பங்கு கறுப்படிச்சு, ‘சர்க்கரை அதிகம்’னு எழுதணும். பேசாம பாதியாக் குறைச்சிடுங்க.”

“குறைச்சா அது பிஸ்கட் இல்லடா, அட்டை. உள்ளதைத்தானே எழுதச் சொல்றான்? எழுதிட்டுப் போறேன்.”

ஆனால் அவளிடம் பொட்டலமே கிடையாது. தகர டப்பாவிலிருந்து எடுத்துக் கையில் கொடுப்பாள். உணவு ஆய்வாளர் டப்பாவைச் சுற்றிச் சுற்றி வந்தார். சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். கடைசியில் கடையையே பொட்டலம் என்று முடிவு கட்டினார். கடை முகப்பு மூன்று மரக்கதவு. ஒன்றில் கறுப்பு ஏறியது, அதன்மேல் ‘சர்க்கரை அதிகம்’ என்ற எழுத்தும். அந்தக் கறுப்பைப் பார்த்துப் பொழுது சாய்ந்துவிட்டதென்று பட்டப்பகலில் ஓர் ஆந்தை கிளம்பியது.

வியாபாரம் கொஞ்சம் படுத்தது. சர்க்கரை வியாதிக்காரரான தபால்காரர், தினம் நாலு தின்றவர், கதவைப் பார்த்துவிட்டு ஒன்றோடு நிறுத்திக்கொண்டார். “இப்பத்தான் கால் எரிச்சல் அடங்குது பெரியம்மா” என்றார். அவளுக்கு அன்று மூன்று பிஸ்கட் நஷ்டம். முகத்தில் ஏனோ சிரிப்பு.

எதிரே இருந்த பெரிய பிஸ்கட் ஆலைக்குத்தான் தன் பாக்கெட்டில் கறுப்பைப் பார்க்கச் சகிக்கவில்லை. மேலிடத்தில் பேசியது. சட்டம் அனுமதிக்கும் சர்க்கரை அளவு இரட்டிப்பானது. ஒரு சிட்டிகைச் சர்க்கரைகூடக் குறையாமல் நாட்டிலுள்ள பிஸ்கட்டெல்லாம் ஒரே நாளில் ஆரோக்கியமாகிவிட்டன.

ஆய்வாளர் வெள்ளைப் பெயின்ட் வாளியோடு வந்தார்.

“அழிச்சிடுங்கம்மா. இப்ப சட்டப்படி உங்க பிஸ்கட்ல சர்க்கரை அதிகமில்லை.”

“சட்டத்தைக் கரைச்சா மாவு பிசையறேன்? அதே சர்க்கரைதான் சார். தபால்காரர் உடம்பும் அதேதான்.”

“தேவையில்லாத எச்சரிக்கை கடை முகப்புல இருந்தா குற்றம். கடையைப் பூட்டிடுவேன்.”

“முகப்புல இருந்தாத்தானே?”

கடப்பாரையை எடுத்தாள். கீலைப் பெயர்த்தாள். வேடிக்கை பார்க்க வந்திருந்த தங்கை மகனிடம், “நிக்கிறான் பாரு, ஒரு முனையைப் பிடிடா” என்றாள். கறுப்புக் கதவு, கடையை ஒட்டியிருந்த அவள் வீட்டுக் கூரைமேல் ஏறி நின்றது, ஆலையின் வாசலைப் பார்த்தபடி. ஆய்வாளர் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். கூரையைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

“சரிம்மா, ரெண்டு கதவோட கடையை எப்படிப் பூட்டுவீங்க? திருடன் வந்தா?”

“வரட்டும் சார்” என்று டப்பாவைத் திறந்தாள் பெரியம்மா. “சர்க்கரை அதிகம்னு அவனுக்கும் சேர்த்துத்தான் எழுதியிருக்கு.”