பனிச்சங்காய்ப் பலகை

வாவியில் மூன்று நாள் ஊறிய பலகையை றபீக்கா தூக்கியபோது அது கைக்குள்ளேயே களியாய்க் கரைந்தது. இஞ்சினியர் ஆர்னோல்ட் துரை தலையில் கைவைத்தபடி படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். இது பதினோராவது.

உலகச் சண்டை தொடங்கியதிலிருந்து சீமைப் பலகை வருவது நின்றுபோயிருந்தது. ஏறாவூர் மரக்காலையில் மலைபோலக் குவியும் மரத்தூளைப் புளியங்கொட்டைப் பசையில் குழைத்து, அழுத்திக் காயவைத்து, காட்டில் ஒரு மரமும் விழாமல் பலகை செய்யவேண்டும் என்பது துரையின் பைத்தியம். தூளைச் சலித்துக் கொடுக்கும் றபீக்காவுக்கும் அந்தப் பைத்தியம் தொற்றியிருந்தது. அடுத்ததும் கரைந்தால் பலகை செய்யும் கொட்டிலை மூடிவிடுவதாக மரக்காலை முதலாளி சொல்லிவிட்டார். மூடினால் அவளுடைய கூலியும் போச்சு. புருஷன் இல்லாத வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள்.

"தொரை, ஒண்டு சொன்னாக் கோவிக்கப்படா. மீன்வலை தண்ணியில இத்துப்போகாமப் போடுற பனிச்சங்காய்ச் சாறு போட்டுப் பாப்பமா?"

"போன மாசம் பசையோட கலந்து பாத்ததுதானே. அதுவும் உப்பிப் போச்சு."

"கலந்தாச் சரிவராது தொரை. வலைய என்ன செய்யிற? முக்கிக் காய வெச்சு, மறுகா முக்கி, மறுகா காய வெச்சு, மூண்டு தரம். வலை சாறக் குடிக்கணும். பலகையும் குடிக்கட்டும்."

துரை அவளையே பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்தார்.

காயை இடித்ததும் அவள்தான், சாற்றைப் பிழிந்ததும் அவள்தான். முழங்கை வரை கறுத்துப்போனது. நாற்றத்தால் பக்கத்தில் ஒருத்தரும் வரவில்லை. எந்த வெயிலில் எத்தனை நாழிகை கிடக்கவேண்டும் என்று பலகையை முகர்ந்தே சொன்னாள். அப்படியொரு மூக்கு அவளுக்கு.

பன்னிரண்டாவது பலகையை வாவியில் ஊறப்போட்டு, மூன்றாம் நாள் வெளியே எடுத்துத் தட்டினாள். 'டொக்' என்றது. துரை விளிம்பை அளந்தார், திரும்பவும் அளந்தார்.

"மயிரளவும் உப்பல்ல! நீதான் புள்ள இஞ்சினியர்!"

றபீக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் வந்தன. வாழ்க்கையில் அவளை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

முதலாளி கொழும்புக் கம்பெனியிலிருந்து இரண்டு பேரைக் கூட்டிவந்தார். "எல்லாம் இந்தப் பொம்பிளட வேல," என்று துரை அவர்களிடம் மனம்விட்டுச் சொன்னார். அவர்கள் கேட்கக் கேட்க, காயின் பருவம் தொடக்கம் மூன்றாம் முக்கல் வரை ஒன்றையும் ஒளிக்காமல் அவள் சொன்னாள். எழுதிக்கொண்டு போனார்கள். அடுத்த கிழமை துரையையும் கொழும்புக்கு அழைத்துக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை கொட்டும் மழையில் அவள் வேலைக்கு வந்தபோது கொட்டில் கதவில் புதுப் பூட்டுத் தொங்கியது. காவற்காரர் முகைதீன்பாவா குறுக்கே வந்தார்.

"உள்ளுக்குப் போக ஏலா புள்ள. இங்கிலீசில எழுதிப் போட்டிருக்கு."

"என்னெண்டு காக்கா?"

"ரகசிய வேலையாம். வெளியாக்கள் வரப்படாதாம்."

"நானா காக்கா வெளியாள்?"

முகைதீன்பாவா குடையைத் தாழ்த்திக்கொண்டார்.

அந்த அறிவித்தலை வெள்ளை எழுத்தில் எழுதிக் கதவில் ஆணி அடித்திருந்தது அவளுடைய பன்னிரண்டாவது பலகையில். விடியற்காலை தொடக்கம் அதன்மேல் மழை அடித்துக்கொண்டிருந்தது. றபீக்கா கறுத்த விரலால் அதன் விளிம்பைத் தடவிப் பார்த்தாள். கொஞ்சமும் உப்பியிருக்கவில்லை.