நடைவழி மூன்றடி

ஐஸ் பெட்டி நடைவழித் திருப்பத்தில் சிக்கிக்கொண்டது. முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர். முன்னால் போனவர்கள் பக்கத்து மனை ஐயாவு வீட்டு அடுப்படிச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, "இன்னும் ஒரு சாண் பின்னாடி இழுங்க" என்றார்கள். பின்னால் நின்றவர்கள் இழுத்தார்கள். பெட்டியின் மூலை அண்ணாதுரையின் புதுச் சுற்றுச்சுவரை உரசி, சந்தன நிறப் பெயின்ட்டை ஒரு முழ நீளத்துக்குச் சுரண்டியது. தன் வீட்டு மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அண்ணாதுரைக்கு முதலில் பெயின்ட்தான் வலித்தது. அந்தப் பெட்டி தன் அம்மாவுக்காக வந்தது என்பது பிறகுதான் உறைத்தது. தன்மேலேயே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

"நிமித்திப் பாக்கலாமாப்பா?" என்று கீழே யாரோ கேட்டார்கள்.

"நிமித்தக் கூடாதுங்க. மெஷின் போயிடும்" என்றார் பெட்டி கொண்டுவந்த வேன் டிரைவர். "வழி எத்தன அடிங்க இது?"

ஏழெட்டுப் பேர் மாடிப்படியை அண்ணாந்து பார்த்தார்கள். அண்ணாதுரை ஏதோ வேலை இருப்பதுபோல் விறுவிறுவென்று கீழே இறங்கி வீட்டுக்குள் போனான். உள்ளே ஒரு வேலையும் இல்லை. மறுபடி வெளியே வந்தான். பெட்டி வந்த வழியே திரும்பி, தெருவில் போட்ட பந்தலில் ஆளில்லாமல் உட்கார்ந்திருந்தது.

கண்ணாத்தாள் விடியற்காலையில், பின்மனையில் இருக்கும் பழைய ஓட்டு வீட்டில், சின்ன மகன் சிங்காரவேலுவின் வீட்டுக் கட்டிலில் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். எழுபத்தாறு வயது. முதல்நாள் மாலைகூட வாய்க்கால் கரையில் நின்று நடவாட்களிடம் வாயடித்துக்கொண்டிருந்தவள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சிங்காரவேலுவின் மனைவி கூப்பிட்ட குரலிலேயே அண்ணாதுரைக்கு விஷயம் தெரிந்துவிட்டது. சட்டையைக்கூட மாட்டாமல் தெருவுக்கு ஓடி, சுற்றிக்கொண்டு, அந்த நடைவழிக்குள் நுழைந்து ஓடினான். திருப்பத்தில் முழங்கை சுவரில் இடித்துத் தோல் உரிந்தது. அந்த வழி உண்டாகி ஒன்றரை வருஷம் ஆகிறது. அவன் அதில் கால் வைத்தது அன்றுதான்.

அப்பா தங்கையன் விட்டுப்போன மனை, தெருவில் தொடங்கி வாய்க்காலில் முடியும் நீள மனை. குத்தாலத்துப் பக்கத்து ஊர்களில் அப்படித்தான் இருக்கும். அந்தக் காலமாக இருந்தால் நீளவாக்கில் ஒரு கோடு போட்டு, அண்ணனுக்கும் தெரு, தம்பிக்கும் தெரு, இருவருக்கும் வாய்க்கால் என்று பிரித்திருப்பார்கள். ஆனால் அவ்வளவு குறுகலான மனைக்கு வீட்டுப் பிளான் அப்ரூவல் ஆகாது என்றார்கள். அப்ரூவல் ஆகாவிட்டால் பேங்கில் லோன் இல்லை. அண்ணாதுரைக்கு வீடு கட்டியாக வேண்டும். ஆகவே குறுக்கே பிரித்தார்கள். முன்மனை பெரியவனுக்கு, ஓட்டு வீட்டோடு பின்மனை சின்னவனுக்கு. பின்மனைக்கு வழி காட்டாமல் உட்பிரிவு கிடையாது என்று தாலுகா ஆபீசில் மனுவைத் திருப்பி அனுப்பினார்கள். அண்ணன் தம்பிக்குள் சண்டை அங்கேதான் ஆரம்பித்தது.

பத்திரம் எழுதுகிறவர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "நடைவழி எத்தன அடி போடட்டும்?" என்று கேட்டார்.

"ஆறு" என்றான் சிங்காரவேலு.

"மூணு" என்றான் அண்ணாதுரை. ஆறடி விட்டால் அவன் மாடிப்படிக்கு இடம் இருக்காது.

இரண்டு மகன்களும் மேசைக்கு இரண்டு பக்கமும் முறைத்துக்கொண்டு நிற்பதைக் கண்ணாத்தாளால் தாங்க முடியவில்லை. "மூணே போடுங்க. தலச்சொமையோட நான் ஒருத்தி போய் வர அது போதாதா" என்றாள்.

"நல்லது கெட்டதுன்னு வரும்மா" என்று இழுத்தார் எழுதுகிறவர்.

"நல்லத மட்டும் எழுதுங்க சார்" என்றான் அண்ணாதுரை. பத்திரம் எழுதுகிற இடத்தில் சாவை யார்தான் பேசுவார்கள்? சர்வேயர் வந்து மூன்றடிக்குக் கல் நட்டார். பாதி வழியில் ஐயாவு வீட்டு அடுப்படி மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறது. பழைய சர்வே புலப்படத்திலேயே அப்படித்தான். அதைச் சுற்றி வழியும் மடங்கி நிமிர்ந்தது. அந்த மடங்கலையும் ஒட்டி, ஒரு விரல்கடை விடாமல் அண்ணாதுரை சுவர் எழுப்பினான்.

மூன்றடியைக் கண்ணாத்தாள் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அவளுக்கு ஆறாமல் போனது வேறு. அண்ணாதுரை வீட்டுப் பின்சுவரில் ஓர் இரும்புக் கேட் உண்டு. அதைத் திறந்தால் ஓட்டு வீட்டு முற்றம். வழக்கமாக அதைத் திறந்து வைத்தால், நடந்து பழகிய வழி என்று தம்பி அனுபவப் பாத்தியம் கொண்டாடுவான் என்று யாரோ ஓதிவிட, அண்ணாதுரை பூட்டுப் போட்டுவிட்டான். வைகாசியில் புதுமனை புகுவிழா. கண்ணாத்தாள் ஒரு தாம்பாளத்தில் மஞ்சளும் குங்குமமும் ஒரு படி நெல்லும் எடுத்துக்கொண்டு அந்தக் கேட்டுக்கு வெளியே வந்து நின்றாள்.

"முன்னாடி சுத்தி வாம்மா. எல்லாரும் வந்துட்டாங்க" என்றான் அண்ணாதுரை.

"வழிய அளந்து குடுத்தே, சரின்னேன். பெத்தவளுக்கு எதுக்குடா பூட்டு? சுத்தி வர நான் என்ன விருந்தாளியா?" என்றாள். தாம்பாளத்தோடு திரும்பிப் போய்விட்டாள். அன்று வராதவள் அப்புறமும் வரவில்லை. ஐந்து மாதமாக, மாடிப்படியில் ஏறும்போதெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் நெல் காயவைப்பதை அண்ணாதுரை பார்ப்பான். கூப்பிட வாய் வரும். அவள் நிமிர மாட்டாள். சாவி அவன் சட்டைப் பையில்தான் இருந்தது. அதை எடுத்துத் திறக்க அரை நிமிடம்கூட ஆகாது. அவன் திறக்கவில்லை.

மதியம் ஆயிற்று. தகப்பனுக்குத் தலைமகன், தாய்க்குக் கடைமகன். கொள்ளி வைக்கிறவன் சிங்காரவேலு. சடங்கெல்லாம் அவனைச் சுற்றியே நடந்தது. அண்ணாதுரைக்குச் செய்ய ஒன்றுமில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டான். போட்டதையே இழுத்து வேறு இடத்தில் போட்டான். மேளக்காரர்களிடம் டீ குடித்தாயிற்றா என்று மூன்று தடவை கேட்டான். துக்கத்துக்கு வந்த பெண்கள் நடைவழிக்குள் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். போகிறவர்கள் வருகிறவர்களுக்காகத் தெருவில் காத்து நின்றார்கள்.

தெருவில் பாடை தயாராகிவிட்டது. உடலை அதுவரை கொண்டுவருவது எப்படி என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. ஐயாவு ஊரில் மூத்தவர். ஒரு பெஞ்சை ஆள் வைத்துத் தூக்கச் சொல்லி வழியில் விட்டுப் பார்த்தார். அதுவும் திருப்பத்தில் முட்டியது.

"படுத்தவாக்குல திரும்பாது. அந்த எடத்துல ரெண்டு பேரு நிமித்திப் புடிச்சாத்தான் உண்டு" என்றார்.

"அம்மாவ நிக்க வச்சா தூக்கிட்டுப் போறது?" என்றான் சிங்காரவேலு.

"நாளைக்குப் பாக்கலாம்னா நாளைக்கு சனி. சனிப் பொணம் தனியாப் போகாதும்பாங்க. பொட்டியும் உள்ள வரல. இன்னிக்கே எடுத்தாகணும்." ஐயாவு அண்ணாதுரையின் பக்கம் திரும்பினார். "தம்பி, ஏதும் நெனச்சுக்காத. ஒன் சுவத்துல அந்த மூலைய மட்டும் ஒரு நாலடி எடுத்தோம்னா திரும்பிடும். நானே ஆள் வச்சுக் கட்டிக் குடுத்துடறேன்."

பிணம் போன வழியை அப்புறம் யாராலும் அடைக்க முடியாது. அண்ணாதுரைக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து கேட்டு வளர்ந்த பேச்சு அது. அவனுடைய சொந்தச் சித்தப்பாவே அப்படி ஒரு வரப்பை இழந்தவர். ஒரு சாவுக்கு என்று திறந்துவிட்டார், பிறகு அது மாட்டுவண்டிப் பாதையே ஆகிவிட்டது. இடித்த மூலையை மறுநாள் கட்டப்போனால், தாயைக் கொண்டுபோன வழியைக் கட்டுகிறான் பார் என்று ஊர் காறித் துப்பும். கட்டாமல் விட்டால் ஆறடி தானாகவே வந்துவிடும். ஆறடி போனால் மாடிப்படி போய்விடும்.

"சுவத்த மட்டும் கேக்காதீங்க மாமா" என்றான்.

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ஒருவராவது திட்டியிருந்தால் தேவலை என்று அண்ணாதுரைக்குத் தோன்றியது.

சிங்காரவேலு எழுந்தான். "யாரும் எதுவும் கேக்க வேணாம். வாய்க்கால்ல எறங்கி நான் தூக்கிட்டுப் போயிடறேன். பாடைய அந்தக் கரைக்குக் கொண்டாங்க" என்றான். அண்ணனைப் பார்க்காமலே நடைவழிக்குள் போனான்.

அண்ணாதுரை மாடிக்கு ஏறினான். வேறு எங்கே போவது என்று அவனுக்குத் தெரியவில்லை. மேலேயிருந்து ஓட்டு வீடும், முற்றத்தில் பெண்கள் கூட்டமும், அதற்கப்பால் வாய்க்காலும் தெரிந்தன. ஐப்பசி மழையில் வாய்க்கால் இரு கரையும் தொட்டு ஓடியது. அக்கரையில் புதிதாக நட்ட சம்பா. சிங்காரவேலு வேட்டியோடு தண்ணீரில் இறங்கினான். மார்புவரை வந்தது. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, உள்ளங்கைகளை விரித்துப் பிடித்துக்கொண்டு, ஒவ்வோர் அடியாக அக்கரையைப் பார்த்து நடந்தான். கையில் ஒன்றும் இல்லை. ஆழம் பார்க்கிறான். நடு வாய்க்காலில் சேற்றில் கால் வழுக்கியது. தூக்கிய கைகள் படாரென்று தண்ணீரில் விழுந்தன. ஒரு கணம் தலையும் மூழ்கி எழுந்தது. எழுந்தவன் முகத்தைக்கூடத் துடைக்காமல் கரைக்குத் திரும்பி, மறுபடி முதலிலிருந்து கைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினான்.

அண்ணாதுரை இரண்டிரண்டு படியாகக் கீழே இறங்கி வந்தான். மனைவி இசைவாணி கூடத்தில் நின்றிருந்தாள்.

"கொல்லக் கேட்டுச் சாவி எந்தச் சட்டைல இருக்கு?" என்றான்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. வீட்டுக்கு ஒரு பக்கம் ஒட்டுச்சுவர், மறுபக்கம் மாடிப்படியும் குழாய்களும். கேட்டில் நுழைந்தால் சமையலறை வழியாகக் கூடத்துக்கு வந்து, தலைவாசல் வழியாகத்தான் தெருவுக்குப் போக முடியும். முன்வாசலும் பின்வாசலும் நேருக்கு நேர் இருக்க வேண்டும் என்று மேஸ்திரியிடம் அடம்பிடித்தவளே அவள்தான்.

"வருஷம் திரும்பாத வீடுங்க" என்றாள்.

"தெரியும்."

"நம்ம வீட்டுல சாவு விழல. வெளியேருந்து கொண்டாந்து உள்ள விடறது..."

"வெளியேருந்தா?" என்றான் அண்ணாதுரை.

இசைவாணி போய்ச் சாவியை எடுத்துவந்து கொடுத்தாள். பிறகு பூஜை அலமாரியின் திரையை இழுத்துவிட்டாள். சாப்பாட்டு மேசையைச் சுவரோரம் தள்ளினாள். ஸ்டவ் மேல் இருந்த பால் பாத்திரத்தைத் தூக்கி உள்ளே வைத்தாள்.

பூட்டு அவன் நினைத்த அளவுக்குத் துருப்பிடித்திருக்கவில்லை. கேட் கிறீச்சிட்டுக்கொண்டு திறந்தபோது முற்றத்தில் ஒப்பாரி சட்டென்று நின்றது. வாய்க்காலிலிருந்து சொட்டச் சொட்ட ஏறி வந்த சிங்காரவேலு கேட்டையும் அண்ணனையும் பார்த்தான்.

"இது எதுக்கு?"

"அம்மா இந்தப் பக்கமா வரட்டும்."

"நாளைக்குப் பூட்டிடுவியா?"

இல்லை என்று சொல்ல அண்ணாதுரைக்கு ஆசையாக இருந்தது. ஆனால் நாளைக்குத் தான் எப்படிப்பட்டவனாக இருப்பான் என்று அவனுக்கே தெரியவில்லை. "தெரியலடா" என்றான். "இப்ப நீ தலமாட்டுப் பக்கம் புடி."

பெஞ்சோடு ஆறு பேர் தூக்கினார்கள். கேட்டில் இடிக்கவில்லை. பின்வாசலிலும் இடிக்கவில்லை. ஈரக்கால்கள் சமையலறை டைல்ஸில் சேற்றுத் தடம் பதித்துக்கொண்டே போயின. அண்ணாதுரை முன்னால் ஓடித் தலைவாசலுக்குப் போனான். இரட்டைக் கதவில் ஒரு கதவுதான் எப்போதும் திறந்திருக்கும். மற்றதன் மேல் தாழ்ப்பாள் புதுமனை புகுவிழாவுக்கு அப்புறம் தொடாததில் இறுகிக் கிடந்தது. தட்டினான், இழுத்தான். அசையவில்லை. யாரோ சுத்தியல் கொண்டுவர ஓடினார்கள்.

"கை கடுக்குதுங்க" என்றான் தூக்கியவர்களில் ஒருவன்.

"எறக்கலாமா? வீட்டுக்குள்ள எறக்கறது..." என்று ஐயாவு அண்ணாதுரையைப் பார்த்தார்.

"எறக்குங்க" என்றான்.

கூடத்தின் நடுவில் பெஞ்சை இறக்கினார்கள். கோடிப்புடவை சுற்றி, நெற்றியில் காசு வைத்து, கண்ணாத்தாள் அவன் வீட்டுக் கூடத்தில் படுத்திருந்தாள். பின்னாலேயே வந்த பெண்கள் சமையலறை வாசலில் நின்றுவிட்டார்கள். நல்ல புழுக்கம். சுத்தியல் வந்து, ஒருவன் நாற்காலியில் ஏறித் தாழ்ப்பாளைத் தட்டத் தொடங்கினான்.

அண்ணாதுரை சுவரோரம் போய் ஃபேன் ஸ்விட்சைப் போட்டான். ஃபேன் வேகமெடுத்துச் சுற்றியது. கோடிப்புடவையின் முனை எழும்பி அவள் கன்னத்தில் அடித்தது. அம்மாவுக்கு வேகமான காற்று ஆகாது. அவன் ரெகுலேட்டரைக் குறைத்தான். இன்னும் ஒரு கட்டம் குறைத்துவிட்டு, புடவை முனை அடங்குகிறதா என்று பார்த்தான்.

தாழ்ப்பாள் விட்டுக்கொடுத்தது. இரண்டு கதவும் திறந்து தெரு வெளிச்சம் கூடம் முழுக்க விழுந்தது. தூக்குகிறவர்கள் குனிந்தார்கள்.

"தூக்கலாமா தம்பி?" என்றார் ஐயாவு.

அண்ணாதுரை ரெகுலேட்டரில் வைத்த கையை எடுக்கவில்லை.