இருப்பு: ஒன்று

இரண்டு என்று அடிக்க வேண்டிய இடத்தில் ஒன்று என்று அடித்துவிட்டேன். ஒரு கையில் டீ, மறு கையில் வேலை. சிந்தாமல் பார்த்துக்கொண்டது டீயை மட்டும்தான்.

வாசலில் இருந்த மின்பலகை பளிச்சென்று ஒளிர்ந்தது: "நீர்நாய் – இருப்பு: ஒன்று."

அழியும் மிருகங்களைச் சந்தையே காப்பாற்றும் என்பது எங்கள் கம்பெனியின் கொள்கை. நீர்நாய்க்குப் பங்கு விற்போம். அது அருகினால் விலை ஏறும்; விலை ஏறினால் அதன்மேல் பாசம் ஏறும். மதியத்துக்குள் ஊருக்கே பாசம் பொங்கிவிட்டது.

வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டே மேனேஜர் அறைக்குப் போனேன். எழுந்து கைகொடுத்தார்.

"சார், தப்பா அடிச்சுட்டேன். ரெண்டு இருக்கு. திருத்திடவா?"

"பலகையைத் திருத்தினா விலை விழுந்துடும்யா."

"அப்போ?"

"இருப்பைத் திருத்திக்கலாம்."

முன்பு சிமெண்டுக் கிடங்கில் இருந்தவன் நான். இருப்பு என்றால் மூட்டை என்றுதான் தெரியும். உயிரோடு இருப்பதற்கும் அதே சொல்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

"இன்னொண்ணை என்ன சார் பண்ணுவீங்க?"

"நாம யாருய்யா பண்றதுக்கு? சந்தை முடிவு பண்ணும்."

கால்நடை டாக்டரைக் கேட்டேன். "ஊசி போடறது மட்டும்தான் என் வேலை. எந்த ஊசின்னு மேலிடம் சொல்லும்" என்றார். கணக்கர் தோளில் தட்டினார்: "அதுக்குப் பேரு சாவு இல்லப்பா, விலைத் திருத்தம்."

நீர்நாய்களுக்குத் தீனி போடுவது என் அக்கா. குளத்தங்கரையில் மீன் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குக் காலையில ஒண்ணை முடிச்சிடுவாங்கக்கா."

"எதை? குண்டனையா, வாயாடியையா?"

"சொல்லல."

"பலகையில அடிச்சது நீயா?"

"ம்."

"ஒண்ணு ரெண்டு உனக்கு எப்பதான்டா வந்துச்சு?" என்றவள், மீனை நறுக்குவதை விட்டுவிட்டு எழுந்துபோனாள்.

காலையில் குளம் வெறிச்சோடிக் கிடந்தது. ஆற்றுப்பக்க மதகு திறந்திருந்தது.

"இருப்பே இல்லேன்னா விலை என்னய்யா?" என்றார் மேனேஜர். கணக்கர் கால்குலேட்டரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். "வகுபட மாட்டேங்குது சார்."

மதகு எப்படித் திறந்தது? துரு என்றார் டாக்டர். நீரழுத்தம் என்றார் காவலாளி. சந்தையின் போக்கு என்றார் கணக்கர்.

அக்கா குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, மதகு எப்படி..."

"நான்தான்டா திறந்தேன். ரெண்டும் போயிடுச்சு."