பட்டாசு நீக்கிய பதினொரு வரிகள்

1

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு குற்றத்தில் பிறந்தது. குற்றவாளி நான்தான். போன வருடம் ஒரு பத்திரிகையில் என் கதை வந்தது. அதில் ஒரு பன்னிரண்டு வயதுப் பெண் தன் தோழிகளைப் பற்றிப் பொம்மை முயலிடம் புலம்புவாள். வாசகர்கள் உருகிப்போனார்கள். அந்தப் பெண் என் மகளேதான். அவள் தோழிகளுக்கும் வாசிக்கத் தெரியும் என்பது எனக்கு உறைக்கவில்லை.

மூன்று நாள் அவள் பள்ளிக்குப் போகவில்லை. நான்காம் நாள் போனவள், கழிவறையில் தாழ்போட்டுக்கொண்டு மதியம்வரை வெளியே வரவில்லை. அப்புறம் என்னோடு பேச்சே இல்லை. நான் ஏதாவது கேட்டால் அவள் அறைக் கதவுதான் ‘டமார்’ என்று பதில் சொல்லும். அவளைப் பட்டாசு என்று வைத்துக்கொள்வோம். (பெயரை மறைத்திருக்கிறேன். இந்த முறையாவது.)

2

முதல் தொடக்கம்: “மழை கொட்டிய ஒரு சனிக்கிழமை, நொறுங்கிய இரு இதயங்கள்…”

(மழை இல்லை. இதயங்களும் பேருந்தைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தன. விடுங்கள்.)

இரண்டாம் தொடக்கம்: பள்ளி எங்களை ஓர் ஆலோசகரிடம் அனுப்பியது. எட்டுச் சனிக்கிழமை வகுப்பு. ஆறு பிள்ளைகள், ஆளுக்கொரு அம்மா அல்லது அப்பா. வட்டமாக நாற்காலிகள். மூலையில் ஐஸ்கட்டி மிதக்கும் ஒரு பேசின்.

“கோவம் தலைக்கேறினப்ப அட்வைஸ் உள்ள போகாது. முதல்ல முகத்த இதுல வையுங்க,” என்றார் ஆலோசகர். பிறகு உணர்ச்சிக்குப் பெயர் வைத்து, பத்துக்கு எத்தனை என்று சொல்ல வேண்டும். கடைசியாக மூன்று வாக்கியம்: என்ன நடந்தது, எனக்கு எப்படி இருந்தது, எனக்கு என்ன வேணும்.

பிள்ளைகள் இரண்டே வாரத்தில் பிடித்துக்கொண்டார்கள். நான் நான்காம் வாரமும் ஃபெயில்.

3

“வீட்டுல நடந்த ஒரு சண்டையச் சொல்லுங்க சார். நடந்தத மட்டும்.”

“அவ பேய் மாதிரி கத்தினா…”

“பேயைப் பாத்திருக்கீங்களா?”

“இல்ல…”

“அப்ப அது வேணாம்.”

“வீடே இடிஞ்சு விழற மாதிரி கதவ…”

“வீடு இருக்கா?”

“இருக்கு மேடம்.”

பட்டாசு சிரித்துவிட்டாள். ஐந்து மாதத்தில் முதல் சிரிப்பு. (இங்கே சிரிப்புக்கு ஓர் உவமை வைத்திருந்தேன். நானே எடுத்துவிட்டேன்.)

4

அந்தச் சிரிப்பில் மிதந்து வீட்டுக்கு வந்து என்ன செய்தேன்? உட்கார்ந்து இந்தக் கதையை எழுத ஆரம்பித்தேன். பட்டும் புத்தி வரவில்லையா என்று கேட்காதீர்கள்.

டீ போட்டுவிட்டு வந்து பார்த்தால், கணினித் திரைக்கு முன்னால் பட்டாசு. கதவுச் சத்தத்துக்காகக் காதைப் பொத்தினேன். சத்தம் வரவில்லை. குளியலறையில் தண்ணீர் விழும் ஓசை. திரும்பி வந்தவளின் முகத்திலிருந்து சட்டையெல்லாம் சொட்டியது.

“என்னைக் கேக்காம நீ மறுபடி எழுதியிருக்க. அது நடந்தது. எனக்குக் கோவம் ஒம்பது. பயமும் இருக்கு, அது ஆறு. நீ என்னைக் கேட்டுட்டு எழுதணும். அதான் வேணும்.”

“இது வெறும் கதைதானேம்மா…”

“நடந்தத மட்டும் சொல்லு.”

நானும் குளியலறைக்குப் போய் முகத்தைத் தண்ணீரில் அமிழ்த்தினேன். தண்ணீர் மூக்கில் ஏற, இருமித் தீர்த்தேன்.

“மூச்சப் பிடிக்கணும்ப்பா. நாலு வாரமா எதக் கேட்ட நீ?” என்று துண்டை நீட்டினாள்.

“உன்னைக் கேக்காம எழுதினேன். உன்னைப் பள்ளிக்கூடத்துல தலைகுனிய வச்சேன். எனக்கு அவமானம். பத்து,” என்றேன்.

அவள் கதையைத் தாளில் அச்செடுக்கச் சொல்லிப் பேனா கேட்டாள்.

5

[இங்கே இருந்த பதினொரு வரிகள் நீக்கப்பட்டன. கழிவறையில் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்ற என் ஊகங்கள் அவை. ஓரத்தில் குறிப்பு: “தப்பு. நிஜம் என்னன்னு சொல்லவும் மாட்டேன்.”]

மற்றதற்கு அனுமதி கிடைத்தது. ‘பட்டாசு’க்கும் கிடைத்தது, முனகலோடு.

முடிவுக்கு இரண்டு வடிவம் யோசித்தேன். ஒன்றில் அவள் என்னைக் கட்டிக்கொள்கிறாள். இன்னொன்றில் மன்னிக்காமல் போகிறாள். இரண்டும் நடக்கவில்லை. நடந்தது வேறு. தாள்களைத் திருப்பிக் கொடுக்கும்போது அவள் என்னிடம் ஒரு விஷயம் சொன்னாள். நல்ல வரி. எழுதியும் விட்டேன். “இத வச்சுக்கலாமா?” என்று கேட்டேன்.

“வேணாம். அது உனக்குச் சொன்னது.”

அழித்துவிட்டேன்.