பகல் கட்டம்

அஸர் தொழுகை முடிந்து, பதுர்தீனின் ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு மூத்த மகனும் மற்ற ஆண்களும் கேட்டைத் தாண்டியதுதான் தாமதம், கைறுன்னிஸா அறைக்குள் போய்க் கட்டிலுக்கடியில் குனிந்து மருந்துப் புத்தகத்தைத் தேடினாள். கபன் துணிக்குள் புருஷனின் முகத்தைக் கடைசியாகப் பார்த்தபோதுகூட அவள் நினைப்பு அந்தப் புத்தகத்தில்தான் இருந்தது. அதை அடுப்பில் போட்டுவிட வேண்டும்.

பதினொரு வருடமாக அவருடைய நரம்புகள் கெட்டுக்கொண்டு வந்தன. முதலில் கால், பிறகு கை, கடைசியில் விழுங்குவது. மனச்சோர்வுக்குக் கொடுக்கிற ஒரு மாத்திரை மிச்ச நரம்பையாவது காப்பாற்றுமா என்று ஆஸ்பத்திரியில் சோதிக்கிறார்கள் என்றதும், முந்திக்கொண்டு பெயர் கொடுத்தவர் அவர்தான். பாதிப்பேருக்கு மருந்து, பாதிப்பேருக்குப் பார்வைக்கு அதே மாதிரியான, மருந்தில்லாத மாத்திரை. யாருக்கு எது என்று டொக்டருக்கே தெரியாது. காலை, பகல், இரவு மூன்று வேளையும் கொடுத்துவிட்டு, புத்தகத்தில் அந்தந்தக் கட்டத்தில் சரி போட வேண்டும்.

நோன்பு வந்தது. படுக்கையில் கிடப்பவருக்கு நோன்பு கடமையில்லை என்று பள்ளிவாசல் ஹஸ்ரத்தே வீட்டுக்கு வந்து சொன்னார். கேட்கிற ஆளா பதுர்தீன்? அப்படியானால் பகல் மாத்திரை? கைறுன்னிஸா விடியுமுன் சாப்பிடும் ஸஹருக்கே காலை, பகல் மாத்திரை இரண்டையும் சேர்த்துக் கொடுத்தாள். ஒன்றும் தெரியாதவள்போல பகல் கட்டத்திலும் சரி போட்டாள். இப்படிப் பத்தொன்பது நாள். இருபதாம் நோன்பன்று, ஸஹருக்கு எழுப்பும் முன்பே அவருடைய மூச்சு நின்றுவிட்டது. சளி நெஞ்சில் கட்டிவிட்டது என்றார்கள் எல்லாரும். தான்தான் கொன்றுவிட்டதாக அவள் நம்பினாள்.

புத்தகம் கையில் அகப்பட்ட நேரம் மகள் மபாஸா ஃபோனோடு வந்தாள்.

"உம்மா, டொக்டர் ஜெராட். காலையில நானா செய்தி சொல்லியிருக்காரு. உங்களோட பேசணுமாம்."

"இத்தாவில ஒதுங்கி இருக்கிற பொம்புளைக்கு அந்நிய ஆம்புளயோட என்ன பேச்சு?" என்றாள் வாசலில் நின்ற பதுர்தீனின் தங்கை ஆஸியா.

"தேவையான பேச்சுதான், மதினி." கைறுன்னிஸா ஃபோனை வாங்கிக் கதவைச் சாத்தினாள். புத்தகத்தை எரித்தாலும் நெஞ்சு ஆறாது என்று பட்டது; டொக்டர் வாயைத் திறக்குமுன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.



"ஏம்மா மறைச்சீங்க? ஒரு வார்த்த கேட்டிருந்தா நேரத்த மாத்தித் தந்திருப்போமே." டொக்டர் காரமாகத்தான் கேட்டார். பிறகு குரல் இறங்கியது. "ஆள் தவறினா என்ன மாத்திரைன்னு தெறந்து பாக்கலாம். பாத்துட்டுத்தான் ஃபோன் எடுக்கிறேன். அவருக்கு வந்தது மருந்தில்லாத மாத்திரை."

"வெறும் மாத்திரையா?"

"வெறும் மாத்திரை. ரெண்டில்ல, பத்துக் குடுத்திருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது. நெஞ்சுச் சளிதாம்மா கொண்டுபோச்சு."

அல்ஹம்துலில்லாஹ். கைறுன்னிஸா அப்படியே நிலத்தில் உட்கார்ந்தாள். விடியற்காலையிலிருந்து வராத அழுகை இப்போதுதான் வந்தது. நெஞ்சிலிருந்து அம்மிக்கல்லை எடுத்து வைத்த மாதிரி இருந்தது. புருஷன் மௌத்தான அன்றைக்கே இப்படி நிம்மதிப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. திடீரென்று வேறொன்று ஞாபகம் வந்தது.

"அப்ப அந்தக் கோப்ப?"

அவருக்கென்றே வாங்கிய, இரண்டு கைப்பிடி வைத்த கோப்பை. போன மாதம் அதை அவரே பிடித்துத் தேத்தண்ணி குடித்தார். மாத்திரை வேலை செய்கிறது என்று வீடே கொண்டாடியது.

"அது மாத்திரையால இல்லம்மா," என்றார் டொக்டர். "அவராத்தான் புடிச்சிருக்காரு." பிறகு, "புத்தகத்தத் திருத்தி அனுப்புங்க. வெறும் மாத்திரைன்னாலும் கணக்கு உண்மையா இருக்கணும். பின்னால வர்ற நோயாளிங்களுக்கு அதான் உதவும்," என்றார்.

மபாஸாவிடம் பேனை கேட்டு வாங்கினாள். பகல் கட்டத்துச் சரிகளை ஒவ்வொன்றாக வெட்டி, பக்கத்தில் 'ஸஹருக்குக் கொடுத்தேன்' என்று எழுதினாள். பத்தொன்பதாவதை எழுதி முடிக்கையில் பள்ளிவாசலில் அந்தி மஃரிப் பாங்கு கேட்டது. மபாஸா பேரீச்சம்பழமும் கஞ்சியும் கொண்டுவந்தாள். அவசரத்தில் கஞ்சியை வாப்பாவின் கோப்பையில் ஊற்றியிருந்தாள். கீழே வைத்த பிறகுதான் கவனித்தாள்.

"மாத்திக்கொண்டு வாறேன், உம்மா."

"இருக்கட்டும்."

பழத்தால் நோன்பு திறந்துவிட்டு, கைறுன்னிஸா இரண்டு கைப்பிடியையும் பிடித்துக் கோப்பையைத் தூக்கினாள்.