சிவப்புத் துணி வரைக்கும்

கொளுத்தும் வெயிலில் கோட்டு போட்டுக்கொண்டு விமானத்தருகே நின்ற கிளிட்டஸைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன கிளிட்டஸ், இப்பவே சம்பந்தி வீட்டுக்குக் கிளம்பிட்டீங்களா?"

"உடம்புல போட்டா பெட்டியில எடை கொறையும்லா சார். நாளைக்குப் பிள்ளையக் கைபிடிச்சுக் கோயிலுக்குள்ள கூட்டிட்டுப் போணும். அதுக்குத் தச்சது."

அல் ஐன் பக்கம் ஒரு அரபி முதலாளியின் பண்ணை அது. அங்கே புல் ஓடுதளத்தைப் பார்த்துக்கொள்பவர் கிளிட்டஸ். முதலாளியின் தாயாருக்கு நர்ஸ் அவர் மனைவி அற்புதராணி. மறுநாள் ஊரில், முட்டத்தில், அவர்களுடைய ஒரே மகள் ஷாஜினிக்குக் கல்யாணம். அன்று இரவே துபாயிலிருந்து ஃப்ளைட். முந்தின நாள் மழையில் வாதி என்கிற காட்டாற்றில் வந்த வெள்ளம் ரோட்டை அடித்துக்கொண்டு போய்விட்டது. "கலீல், நீயே கொண்டுபோய் விடு" என்று முதலாளி தன் பைலட்டான என்னிடம் சின்ன விமானத்தைக் கொடுத்தார்.

புல் இன்னும் ஈரமாக இருந்தது. ஈரப் புல் சக்கரத்தை விடாது. ஓடுதளத்தின் பாதியில் ஒரு கம்பு நட்டு சிவப்புத் துணி கட்டச் சொன்னேன். துணியைத் தாண்டுமுன் வேக முள் நாற்பதைத் தொட வேண்டும். தொடாவிட்டால் மிச்சத் தூரத்தில் மேலே எழும்ப முடியாது, நிறுத்திவிட வேண்டும். எதிரே பேரீச்சை மரங்கள், அதற்குப் பின்னால் மதில்.

"பெட்டி எவ்வளவு அக்கா?"

"இருபது கிலோதான் சார்."

புறப்பட்டோம். எஞ்சின் கத்தியது. முப்பது. முப்பத்திரண்டு. அதற்குமேல் முள் நகரவே மாட்டேன் என்றது. துணி பக்கவாட்டில் கடந்து போயிற்று. "யா அல்லாஹ்!" என்று எஞ்சினை அணைத்து பிரேக்கை மிதித்தேன். விமானம் புல்லில் வழுக்கி, மரங்களுக்குச் சற்று முன்னால்தான் நின்றது.

இறங்கிப் போய்ப் பெட்டியைத் தூக்கினேன். அசையவில்லை. எனக்கு வந்ததே கோபம்!

"இதா இருபது கிலோ? எங்களைக் கொல்லப் பாக்குறீங்களா?"

அற்புதராணி அழுதுவிட்டார். "ரூம்ல உள்ளவங்க அவங்கவங்க வீட்டுக்குன்னு ஆளுக்கொண்ணு குடுத்தாங்க சார். மாட்டேன்னு எப்படிச் சொல்ல? ஏர்போர்ட்லயும் இருபதுன்னுதான் சொல்லுவோம். அங்க தராசு காட்டிக் குடுத்துரும், நாலு சாமான எடுத்து வெளிய வச்சிருவோம். இங்க தராசே இல்லையே."

"அந்தத் துணிதான் இங்க தராசு!"

பெட்டியை அப்படியே புல்லில் இறக்கினோம். மகளுக்கு வாங்கிய புடவையை மட்டும் அக்கா மடியில் வைத்துக்கொண்டார். திரும்பவும் ஓடினோம். துணி வந்தபோது முள் முப்பத்தெட்டு. பாழாய்ப்போன இரண்டு! விட்டுப் பார்க்கலாமா என்று கை தவித்தது. பின்னால் அக்கா மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நிறுத்திவிட்டேன்.

"சார், இன்னொரு தடவ..." என்றார் அக்கா.

"எத்தனை தடவை ஓடினாலும் இதே கனம்தானே அக்கா!"

சூரியன் மரங்களின் உச்சிக்கு இறங்கிவிட்டது. இந்தத் தளத்தில் விளக்கு கிடையாது. ஒருமுறை போனால், இருட்டுமுன் திரும்பி வந்து இன்னொருவரை ஏற்ற முடியாது. இது மூன்று பேருக்குமே தெரியும்.

பக்கத்து சீட்டில் கிளிட்டஸின் பெல்ட் கழலும் சத்தம் கேட்டது.

"நான் எறங்குதேன் சார்."

"ஐயோ, நீங்க இல்லாம பிள்ளைய யாரு கூட்டிட்டுப் போவா?" அக்கா அவர் கோட்டைப் பிடித்துக்கொண்டார். "நான் எறங்குதேன். நீங்க போங்க."

"ஒன் எடை என்ன, என் எடை என்ன? நீ எறங்கினா போதுமா? புல்லு வெட்டுறவன் நான், எனக்குத் தெரியாதா? தாய் இல்லாம பிள்ளைக்கு யாரு புடவை உடுத்தி விடுவா?" அவர் குரல் உடைந்தது. "ஊர்ல என் தம்பி இருக்கான், அவன் கூட்டிட்டுப் போவான். நீ போடி."

இறங்கிக் கதவைச் சாத்தினார்.

விமானத்தைத் திருப்பினேன். இந்த முறை துணிக்கு வெகு முன்னாலேயே முள் நாற்பதைத் தாண்டியது. சக்கரம் புல்லை விட்டது. மரங்கள் காலுக்குக் கீழே போயின.

அக்கா ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டார். நானும் ஒருமுறை சாய்த்துத் திருப்பினேன். சிவப்புத் துணிக்குப் பக்கத்தில், அந்தக் கோட்டோடு நின்று கிளிட்டஸ் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.