நிழலுக்கு வரும் மீன்

கரையில் வண்டியின் ஹாரன் மறுபடியும் அலறியது. தாஜாவின் அண்ணன் ஷௌகத்துக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. பனி விழ ஆரம்பித்தால் மலைப்பாதையை மூடிவிடுவார்கள். அதற்குள் ஜம்முவுக்குக் கிளம்பியாக வேண்டும். மூட்டை முடிச்செல்லாம் வண்டியில் ஏறியாயிற்று. ஏற வேண்டிய அவள் புருஷன் லத்தீஃப் மட்டும் கூப்பிடு தூரத்தில், ஏரிக்குள் இருந்தான்.

"கடைசியா ஒரு தடவை போயிட்டு வந்துடறேன்" என்று விடியலில் படகெடுத்தவன்தான்.

மீன்காரர் அசத் சாச்சா அவளைத் தன் படகில் ஏற்றிக்கொண்டு துடுப்புப் போட்டார். லத்தீஃபின் படகு இன்றிலிருந்து அவருக்கு என்று பேச்சு.

"புருஷனைப் பிடிச்சு இழுத்துட்டு வரப் போறியா மருமகளே? கயிறு வேணுமா?"

"வேணாம் சாச்சா. காதே போதும்."

அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்ரீநகர் கடைத்தெருவில் வளர்ந்தவளுக்கு ஆஞ்சார் ஏரியின் முதல் குளிர்காலமே போதும் போதும் என்றாகிவிட்டது. வானம் சாம்பல், தண்ணீர் சாம்பல், மொட்டை மரங்களும் சாம்பல். 'பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி இருக்கு உங்க ஏரி' என்று சொல்லிச் சொல்லியே அழுதாள். ஜம்முவில் இருக்கும் ஷௌகத்தின் கடைக்கு வேலைக்கு வர லத்தீஃப் ஒப்புக்கொண்டான். எதிர்த்து ஒரு வார்த்தை இல்லை. அன்றிலிருந்து அவன் சரியாகப் பேசுவதே இல்லை. கடைசி நிமிஷத்தில் மாட்டேன் என்பானோ? இல்லை, வந்து காலமெல்லாம் இப்படியே இருப்பானோ? எது மோசம் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஏழெட்டுப் படகுகள் அசையாமல் நின்றன. ஒவ்வொன்றின் முனையிலும் கம்பளியும் வைக்கோலும் போர்த்திய ஒரு குவியல்; உள்ளே ஈட்டியோடு ஓர் ஆள். குளிர்காலத்தில் மீன் நிழல் தேடி வரும். அதுவரை மூச்சு விடாமல் காத்திருக்க வேண்டும்.

"எந்தக் கழுதைடா அது ஹாரன் அடிக்கிறது?" என்றது ஒரு கம்பளி.

"லத்தீஃபோட மச்சான். மாமியார் வீட்டு மேளம்!" என்றது இன்னொன்று.

தாஜா படகு மாறினாள். கம்பளியைத் தூக்கித் தலையை நுழைத்தாள்.

"வரீங்களா, இல்லையா? இப்பவே சொல்லுங்க."

"ஷ்ஷ்!" அவளை உள்ளே இழுத்துக் கம்பளியை மூடினான். "வெளிச்சம் விடாத."

இருட்டு. ஈரக் கம்பளி நாற்றம். திட்டுவதற்கு வாயெடுத்தவள் அப்படியே நின்றாள்.

தண்ணீர் திறந்துகொண்டிருந்தது. மேலிருந்து கலங்கலாகத் தெரிந்த ஏரி, நிழலுக்குள் அடிவரை தெளிந்து கிடந்தது. நாலாபுறமிருந்தும் மங்கிய வானத்தின் வெளிச்சம் தண்ணீருக்கடியில் கசிந்து வந்தது. பாசிக்கொடிகள் சோம்பலாக அசைந்தன. எல்லாம் சாம்பல்தான், ஆனால் புறாக்கழுத்து ஒன்று, அணைந்த கரி ஒன்று, விட்டில் சிறகு ஒன்று என்று எத்தனை சாம்பல்! கீழிருந்து வந்த அந்த வெளிச்சத்தில் லத்தீஃபின் முகம், அவள் வீட்டில் ஒருநாளும் பார்க்காத முகமாக இருந்தது.

ஈட்டி அவன் மடியில் கிடந்தது. கூடையில் ஒரு மீன் இல்லை.

"பிடிக்கலையா?" என்று கிசுகிசுத்தாள்.

"பார்த்துட்டுப் போலாம்னுதான்."

அடியில் ஒரு நிழல் மெல்ல நகர்ந்து வந்தது. மீன். அவர்கள் முகத்துக்கு நேர் கீழே நின்று செவுளை அசைத்தது. தாஜா அவன் கையை இறுகப் பற்றினாள். இப்போது மட்டும் ஹாரன் அடிச்சிடாதீங்க, பாய்ஜான், இப்போது மட்டும்...

ஹாரன் அலறியது. ஒரு துளி சேறு கிளம்பியது, மீன் இல்லை.

கம்பளியை விசிறியடித்து எழுந்தாள். "ஷௌகத் பாய்ஜான்! நிறுத்துங்க! மீன் ஓடுது!"

கம்பளிகளெல்லாம் குலுங்கிச் சிரித்தன. அசத் சாச்சா மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப என் படகு?"

லத்தீஃப் எதுவும் கேட்கவில்லை. வா என்றால் வந்துவிடுவான். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"மூட்டையை இறக்கிட்டு நீங்க கிளம்புங்க, பாய்ஜான்!" குரல் உடைந்தது. குளிர்காலம் இன்னும் எவ்வளவோ பாக்கி. நாளைக்கும் அழுவாள்.

புருஷன் பக்கம் திரும்பினாள். "இனிமே நான் கத்தினா நீங்களும் திருப்பிக் கத்தணும். ஊமையா இருக்கக் கூடாது."

"சரி."

"சரின்னு மட்டும் சொல்லாதீங்க!"

"அப்ப முதல்ல என் காலை மிதிக்கிறதை நிறுத்துடி!" என்று கத்தினான் லத்தீஃப்.